ஆணி அடித்த பூட்ஸும் ஒரு கோணி மரத்தூளும்

நம் பக்கத்தில் செருப்பில் ஆணி கிளம்பிவிட்டால் நொண்டிக்கொண்டே கரையான்சாவடிக்குப் போய், மரத்தடியில் செருப்புத் தைக்கிறவர் முன்னால் காலைத் தூக்கிக் காட்டி, "இத்தப் புடுங்கிப் போடு அண்ணாத்தே" என்போம். நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஸ்விட்ஸர்லாந்து மலைக் கிராமத்தில் எல்லாம் தலைகீழ். போன வாரம், ஒரு குற்றமும் செய்யாத என் பூட்ஸை நானே சுமந்துகொண்டு போய்க் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை மடியில் கவிழ்த்துப் போட்டு, கொண்டைக்கடலை அளவு தலை வைத்த ஆணிகளை வாய் நிறைய அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பாகம் முழுக்க அறைந்தார். முடிந்ததும் நகை செய்து கொடுப்பவர் போலத் துடைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கல் பாவிய தெருவில் நடந்தபோது, லாடம் அடித்த மாடு ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நடப்பதுபோலச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. மாடு நான்தான்.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஏகாம்பரம், ஊர் மாங்காடு, தொழில் சமையல். பூந்தமல்லியில் வெள்ளைக்கார அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் பதினோரு வருஷம் கரண்டி பிடித்தவன். அங்கே டாக்டராக இருந்த துரை காலமான பிறகு, அவர் சம்சாரத்துக்கு மார்புச் சளி முற்றி, இனி மலைக்காற்றுதான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் கிளம்பும்போது பெட்டி, படுக்கை, மிளகாய்த்தூள் டின் இவற்றோடு என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று வருஷம் என்று பேச்சு. வருகிற ஐப்பசியோடு அது முடிகிறது. ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் டர்பனிலிருந்தும் பத்திரிகைக்கு எழுதுகிற நம்மவர்கள், அடுத்த தெருவிலேயே கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். படித்துவிட்டுப் பொறாமையில் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டேன். பேசவேண்டுமென்றாலும் ஆள் கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் பேசுகிறவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் துரைசானி.

ஆமாம், துரைசானிதான். அவர் பிறந்தது பூந்தமல்லி. பால் கொடுத்து வளர்த்தவள் கரையான்சாவடி ஆயா. அதனால் விருந்தாளிகளோடு இங்கிலீஷ் பேசும்போது பியானோ வாசிப்பதுபோல இருக்கும் அதே வாய், சமையலறைப் பக்கம் திரும்பியதும், "இன்னாடா ஏகாம்பரம், கறி தீயுது, மூக்கு கீதா இல்லியா?" என்று கேட்கும். அறுபது வயது, வெள்ளைத் தலை, நீலக் கண். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற குரல். நான் பல தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் இரண்டு தடவை பால் பொங்கி வழிந்திருக்கிறது.

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால், இரண்டு மலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு நாக்கு தொங்குவது தெரியும். அது பனியாறு. இங்கே உள்ளவர்கள் கிளெட்ஷர் என்கிறார்கள். பெயருக்கு ஆறு, ஆனால் அவ்வளவும் ஐஸ். கோடைக்காலத்தில் ஊர் பார்க்க வருகிறவர்களை வழிகாட்டிகள் காலையில் கூட்டிக்கொண்டு போய், அதன்மேல் நடக்கவைத்து, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். துரைசானிக்கு மூன்று வருஷமாக அதைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டுமென்று ஆசை. இந்த ஆடியில் எப்படியும் போவது என்று பேட்டர் என்கிற வழிகாட்டியிடம் நாளும் குறித்துவிட்டார். டாக்டர் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மாடிப்படியே ஏறக்கூடாது என்று சொல்லிப் போனார். அன்றைக்கு மத்தியானம் எனக்குக் கூப்பாடு வந்தது.

"ஏகாம்பரம், நாளான்னிக்கு நீ அந்த ஐஸ் மலைக்குப் போற."

"நானாம்மா? அங்க யாருக்குச் சமைக்கணும்?"

"யாருக்கும் இல்லடா. எனக்கு பதிலா போற. நல்லா பாத்துகினு வந்து எங்கிட்ட சொல்லணும். இங்கிலீஷ்ல வேணாம். நம்ம பாஷையில சொல்லு. அப்பத்தான் நானே பாத்தா மாதிரி இருக்கும்."

"எத்த பாத்தாலும் வயித்துக்குத்தான் பாப்பேன்னு நீங்களே திட்டுவீங்களேம்மா."

"அந்த ஆளுதான் வேணும். போய் பூட்ஸுக்கு ஆணி அடிச்சிகினு வா."

இப்படித்தான் நான் மாடானேன். ஆனால் என் கவலை மலையைப் பற்றி அல்ல. எனக்கும் ஐஸுக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே ஏறமுடியாது.

பூந்தமல்லி மெஸ்ஸுக்கு ஐஸ் பட்டணத்திலிருந்து மாட்டுவண்டியில் வரும். வண்டி ஓட்டுகிறவன் என் மச்சான் முனுசாமி, அதாவது என் சம்சாரம் அஞ்சலையின் அண்ணன். கிடங்கில் விடியும் முன்பே பாளம் பாளமாக ஏற்றி, மேலும் கீழும் உமியைக் கொட்டி, கோணியால் போர்த்திக் கட்டிக்கொண்டு கிளம்புவான். கோயம்பேடு, மதுரவாயல், வானகரம் தாண்டி வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். வண்டிக்குப் பின்னால் ரோட்டில் ஒரு ஈரக்கோடு நீண்டுகொண்டே வரும். அதை நக்கிக்கொண்டே வானகரத்து நாய்கள் நாலைந்து பரிவாரமாகத் தொடரும். "மாமே, நான் ஏத்தினது ஐஸு, எறக்கறது தண்ணி. நடுவுல நாய்ங்களுக்குத்தான் சேவகம்" என்பான் முனுசாமி. வந்ததை நான் இறக்கி, உமி போகக் கழுவி, உடைத்து, துரைமார் டம்ளர்களில் போடவேண்டும். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஐஸ் அறைக்குள் செருப்புக் காலோடு எவனும் நுழையக்கூடாது. தின்கிற பொருள் கிடக்கிற இடம். அரிசியை மிதிப்பாயா, அதுபோலத்தான். ஒரு நாள் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவன் பூட்ஸோடு உள்ளே வந்து, கரண்டியால் முழங்காலில் வாங்கிக்கொண்டு போனான். பதினோரு வருஷம் அந்த அறையில் வெறுங்காலோடுதான் நின்றேன். பாதம் முதலில் சுடும், பிறகு மரத்துவிடும், பிறகு அது நம்முடையது என்றே தோன்றாது.

அஞ்சலைக்கு மசக்கை வந்தது பங்குனி மாதத்தில். புளியங்காய், சாம்பல் என்று ஒன்றும் கேட்கவில்லை. "தெனமும் தொரைங்களுக்கு ஐஸு ஒடைக்கிறியே, எனக்கு ஒரு துண்டு கொண்டாய்யா. வாயில போட்டா எப்டி கீதுன்னு பாக்கணும்" என்றாள். கேட்டது தப்பா? மறுநாள் ஒரு துண்டைத் திருடினேன். ஆமாம், திருட்டுத்தான், இனிமேல் மறைத்து என்ன? தோள்துண்டில் நாலு மடிப்புச் சுற்றி, பூந்தமல்லியிலிருந்து மாங்காட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவ்வளவு அவசரமாக நான் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. வழியில் தெரிந்தவர்கள் நிறுத்தி, யாருக்கு என்ன ஆபத்து என்று கேட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்து துண்டை நீட்டினேன்.

"ஐஸ் எங்கய்யா?"

"இதுலதான்."

"துண்டு ஈரமா கீது."

"அதான் ஐஸு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை டம்ளருக்குமேல் பிடித்துப் பிழிந்தாள். மூன்று மடக்குத் தேறியது. மடமடவென்று குடித்துவிட்டு, "ஜில்லுன்னும் இல்ல, ஒண்ணுமில்ல. உப்பா கீது. உன் வேர்வையும் சேத்துக் கொண்டாந்துட்ட" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் 'ஈரத்துண்டு'. அந்தப் பிள்ளை, எங்கள் வள்ளி, பிறந்து மூன்று வயதானபோது நான் கப்பல் ஏறினேன்.

இப்போது கடிதம். மூன்று வாரமாக என் கோட்டின் உள்பையில் இருந்தது. எழுத்து முனுசாமியுடையது, பேச்சு அஞ்சலையுடையது. அப்படியே தருகிறேன்:

"மாமே, எய்தறது நானு, பேசறது ஒன் பொண்டாட்டி. மாத்தி எய்தினா கைய ஒடிப்பேன்றா. யோவ், மூணு வருசம் ஆவப்போவுது. வள்ளிக்கு முன்பல்லு ரெண்டும் வியுந்து மொளைக்குது. ரோட்டுல கோட்டு போட்டுகினு எவன் போனாலும் 'அதான் நைனாவா'ன்னு கேக்குது. நேத்து தபால்காரரப் புடிச்சிகினு கேட்ச்சி. அந்தாளு பாவம், இல்லம்மான்னு சொல்லிட்டு சைக்கிள தள்ளிகினு பூட்டாரு. நீ வரியா, இல்லியா? நாலு பக்கம் கத வேணாம். ஒரே வார்த்த எய்து. வரும்போது ஐஸு கொண்டாறேன்னு மட்டும் சொல்லிடாத."

ஒரே வார்த்தை. நாலு பக்கம் கதை எழுதுகிறவனுக்கு அதுதான் கஷ்டம். ஏனென்றால் இந்தக் கடிதம் வந்த அதே வாரத்தில் துரைசானி என்னைக் கூப்பிட்டு, "இன்னும் மூணு வருஷம் இருந்துட்டுப் போடா. அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல், நம் ஊரில் ஆட்டுவோமே, அப்படி. வேறு துரைசானியாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். இவர் பூந்தமல்லிக்காரி. அந்தத் தலையாட்டலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலைக்குப் போவதற்கு முந்தின நாள் சாமான் கட்டினேன். பேட்டர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரொட்டி, பாலாடைக்கட்டி. அதில் இல்லாத ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. மரத்தூள். உமிக்கு இங்கே எங்கே போவது? நெல்லையே கண்ணால் காணாத ஜனங்கள். தச்சுப் பட்டறைக்குப் போய்க் கோணியை விரித்துக் காட்டினேன். தச்சர் நல்ல மனுஷர். "முயலுக்கா?" என்று கேட்டார். ஐஸுக்கு என்று இந்த ஊர்ப் பாஷையில் விளக்குவதைவிட முயல் வளர்ப்பது சுலபமாகப் பட்டதால், ஆமாம் என்றேன். காசு வாங்காமல் நிறையக் கொட்டினார். அன்று சாயங்காலமே அவர் மனைவி ஒரு கட்டுப் புல்லும் நாலு காரட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை வைக்கிறார். காரட்டைப் பொரியல் செய்துவிடுகிறேன். புல்லைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு பேட்டர் சோதனைக்கு வந்தார். ஐம்பது வயது, வாயில் புகைக்குழாய், முகம் உழுது போட்ட நிலம். சமையலறை மேஜையில் என் சாமான்களைப் பரப்பச் சொன்னார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் இரண்டு நொண்டிகள் ஒருவரை ஒருவர் தாங்கி நடப்பதுபோல.

"இதற்கு முன்னால் எந்த மலை ஏறியிருக்கிறாய்?"

"பரங்கிமலை."

"உயரம்?"

இந்த ஊர் மணிக்கூண்டைக் காட்டி, அதுபோல ஐந்தாறு என்று விரலை விரித்தேன். அவர் முகத்தில் ஒரு மரியாதையும் தென்படவில்லை.

"மேலே பனி உண்டா?"

"சர்ச் உண்டு. படி கட்டியிருக்கிறார்கள்."

அவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் துரைசானியைப் பார்த்தார். துரைசானி இங்கிலீஷில் ஏதோ சமாதானம் சொல்லி, என் பக்கம் திரும்பி, "படின்னு ஏண்டா சொன்ன? மானத்த வாங்கற" என்றார்.

அடுத்து ஒரு டப்பாவைத் திறந்து, ஆட்டுக்கொழுப்பு நாற்றமடிக்கும் களிம்பு ஒன்றைக் காட்டி, நாளைக்கு முகத்தில் பூசவேண்டும், பனிமேல் வெயில் தோலை உரித்துவிடும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவடி சந்தை வெயிலில் தலையில் மூட்டையோடு நின்றவன் நான். இந்தத் தோல் ஏற்கனவே வெந்து இறக்கியாயிற்று, இனி யாரும் ஒன்றும் செய்யமுடியாது என்று விளக்கினேன். அவர் டப்பாவை மூடி என் பைக்குள் திணித்தார். அப்போதுதான் பைக்குள் இருந்த கோணியும் மரத்தூளும் அவர் கையில் தட்டுப்பட்டன. கம்பளிச் சட்டையைக் காணோம். இடம் போதவில்லை என்று நான்தான் எடுத்து வெளியே வைத்திருந்தேன்.

"இது என்ன?"

"ஐஸுக்கு."

"ஐஸுக்குக் குளிருமா?"

அவர் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் பார்த்ததில்லை. கம்பளிச் சட்டையை உடம்பிலேயே போட்டுக்கொண்டு வருவதாக ஒப்பந்தமாகி, மரத்தூள் தப்பியது. அவர் போன பிறகு துரைசானி கோணியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "முனுசாமி வண்டி நாத்தம் அடிக்குதுடா" என்று மட்டும் சொன்னார். அது புதுக்கோணி. அதில் ஒரு நாற்றமும் இல்லை.

கருக்கலில் கிளம்பினோம். முதலில் பைன் காடு, பிறகு கழுத்தில் மணி கட்டிய மாடுகள் மேய்கிற புல்வெளி, அதற்குமேல் வெறும் கல். என் பூட்ஸ் ஆணிகள் கல்லில் பட்டுப் பொறி பறந்தன. பேட்டர் ஒரே நிதானமாக, கோயிலைச் சுற்றுகிறவர்போல நடந்தார். நான் முதல் அரைமணி அவரை முந்தினேன். மிச்ச நேரமெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். பாதையோரத்தில் ஒரு ஓடை இறங்கி வந்துகொண்டிருந்தது. அரிசி களைந்த தண்ணீர் நிறம். கை வைத்தேன், சுரீர் என்றது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பேட்டர் மேலே காட்டினார். உருகுகிற ஐஸிலிருந்து வருகிறதாம். இது முனுசாமி வண்டியின் ஈரக்கோடு. இவ்வளவு அகலக் கோடு விடுகிற வண்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்! அதன் பிறகு மலை ஏறுகிறோம் என்ற நினைப்பே போயிற்று. வானகரத்து நாய்போல அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

உச்சி வெயிலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது கிட்டத்தில் வேறு மாதிரி இருந்தது. விளிம்பு முழுக்க மண்ணும் பொடிக்கல்லும் படர்ந்து, உமி போட்டு மூடியதுபோல. அது விலகின இடங்களில் நீலம். நாம் நீலம் போட்டு அலசின வேட்டியின் நீலம். அது தெருவாக, மைதானமாக, மேட்டில் ஏறி, இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து, கண்ணுக்கு எட்டாமல் போனது. பேட்டர் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏறு" என்றார்.

நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.

வேண்டுமென்று செய்ததல்ல. கை தானாகச் செய்தது. ஐஸ் அறை வாசலில் பதினோரு வருஷம் செய்த கை. பேட்டர், பூட்ஸுக்குள் கல் புகுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துப் புகைக்குழாயைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார். நான் காலுறையையும் உருவி, மடித்து வைத்துவிட்டு, வலது காலை முதலில் வைத்து ஏறினேன். சுட்டது. இரண்டாவது அடியில் மரத்தது. மூன்றாவது அடியில் நான் பூந்தமல்லியில் இருந்தேன். உமி ஒட்டிய சுவர், பின்வாசலில் முனுசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம், வராந்தாவில் டம்ளர்கள் காத்திருக்கின்றன, கொஞ்சம் தாமதித்தால் தலைமைச் சமையல்காரர் கத்துவார். நாலாவது அடி வைக்குமுன் இடுப்புக் கயிறு வெடுக்கென்று இழுத்து என்னைக் கல்மேல் உட்காரவைத்தது.

பேட்டர் தன் பாஷையில் என்னென்னவோ சொன்னார். கடைசியில் இங்கிலீஷில், "உங்கள் மதமா?" என்று கேட்டார். விளக்கவேண்டியிருந்தது. என் இங்கிலீஷ் சமையலறை இங்கிலீஷ். ஐஸைக் காட்டி, "சாப்பாடு" என்றேன். பூட்ஸைக் காட்டி, "கூடாது" என்றேன். திரும்ப ஐஸைக் காட்டி, வாயைக் காட்டி, "சாப்பாடு" என்றேன். அவர் எல்லாம் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். பிறகு தன் பையைத் திறந்து, தன்னுடைய ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார்.

வாங்கித் தின்றேன். வேறென்ன செய்வது? தின்று முடித்ததும் அவரே முழந்தாளிட்டு, என் பாதங்களைக் கம்பளித் துணியால் சூடு பிறக்கத் தேய்த்து, காலுறை மாட்டி, பூட்ஸைப் போட்டு முடிச்சுப் போட்டார். எனக்கு நினைவு தெரிந்து யாரும் எனக்குச் செருப்பு மாட்டிவிட்டதில்லை.

அதன்பிறகு பூட்ஸோடு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஆணி கடக் கடக் என்று கடித்தது. அரிசி மூட்டைமேல் நடக்கிற குற்றவாளிபோலக் கால் கூசியது. துரைசானிக்குச் சொல்வதற்காக எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். இந்த வெடிப்பு நம் கிணறு ஆழம், இந்த மேடு மெஸ் கூரை உயரம் என்று. நடுவில் ஒரு இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் ஐஸ். கேட்பாரில்லை, காவலில்லை, திருடவேண்டியதில்லை. மாங்காட்டில் உள்ள பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மசக்கை வந்தாலும் தீராத ஐஸ். கேட்டவள் ஒருத்தி. அவளுக்குப் போய்ச் சேர்ந்தது ஈரத்துண்டு. கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று அதுவரை எனக்கு விளங்கவில்லை. அப்போது ரொம்ப உபயோகமாக இருந்தது. பேட்டர் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு, மலையைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் நின்றார்.

திரும்பும்போது கோணியை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் ஐஸ் கோடரியால் சுத்தமான நீல இடமாகப் பார்த்து, தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மரத்தூள் அடியில், மரத்தூள் மேலே, கோணி நாலு சுற்று, சணலால் இறுக்கு. முனுசாமி கட்டுகிற அதே கட்டு. முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இறங்குவதா அது! பேட்டர் பின்னாலிருந்து மெதுவாக, மெதுவாக என்று கத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் முதுகில் ஜில்லென்று ஒரு கோடு இறங்கியது. ஆயிற்று, சொட்ட ஆரம்பித்துவிட்டது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புல்வெளியில் மாடுகள் நின்று பார்த்தன. லாடச் சத்தத்தோடு முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டு ஓடுகிற உறவுக்காரனை அவை பார்த்திருக்காது.

வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் வைத்து, சணலை அறுத்தேன். தேங்காய் அளவு எடுத்தது, நல்ல மாங்காய் அளவுக்கு மிச்சம் இருந்தது. கெட்டியாக. கையில் பிடித்தால் கனமாக. என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஐஸ் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். எந்த வீட்டுக்கு என்பதுதான் தகராறு.

துரைசானி ஜன்னலோர நாற்காலியில் கம்பளி போர்த்திக் காத்திருந்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஐஸை இரண்டாக உடைத்து, பெரிய பாதியைப் பொடித்து டம்ளரில் போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. காதோரம் வைத்து ஆட்டினார். கிலுங் கிலுங் என்றது.

"மெஸ்ஸு வராந்தாடா" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லு."

சொன்னேன். ஈரக்கோட்டைப் பிடித்து ஏறியது, வேட்டி நீலம், கிணற்று வெடிப்பு, எல்லாம். பூட்ஸைக் கழற்றிய கட்டத்தில் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "ரொட்டி குடுத்தானா? பாதியா குடுத்தான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சட்டென்று, "அஞ்சல இன்னா எய்தினா?" என்றார்.

"எதும்மா?"

"மூணு வாரமா அந்தக் கோட்ட நீ தோய்க்கப் போடல. எனக்குத் தெரியாதா? எடு."

எடுத்துப் படித்தேன். தபால்காரர் வந்த இடத்தில் துரைசானி டம்ளரை ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"போய் எய்துடா. வரேன்னு எய்து."

"நீங்க?"

"நான் இன்னா கொழந்தையா? பேட்டர் பொண்ணு வந்து சமைக்கும். வெந்த உருளக்கெழங்கு துன்னுகினு கெடக்கறேன்." டம்ளரைத் திரும்ப ஆட்டினார். "ஆனா ஏகாம்பரம், நீ பூட்டீன்னா நான் யார்கிட்டடா 'இன்னா'ன்னு கேப்பேன்?"

சமையலறைக்கு வந்துவிட்டேன்.

காகிதத்தை எடுத்து "வரேன்" என்று எழுதினேன். ஒரே வார்த்தை. அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தினால் அது நானில்லை. கீழே, "ஸ்டாம்பைத் தொட்டுப் பார். ஐஸ் அனுப்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். மிச்ச ஐஸ் தட்டில் கரைந்துகொண்டிருந்தது. ஸ்டாம்பை நாக்கால் நக்கி ஒட்டுவதுதான் வழக்கம். நான் அதன் முதுகை அந்த ஐஸின்மேல் ஒரு தடவை தேய்த்து, கவரில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். போய்ச் சேரும்போது காய்ந்துதான் இருக்கும். அவள் சிரிப்பாள். வள்ளி தபால்காரரிடம் இனி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால் போதும்.

மூக்கு எரிய ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஆவடி வெயிலுக்கு அசையாத தோல் பாம்புச் சட்டைபோல உரிந்துகொண்டிருந்தது. களிம்பு டப்பா பைக்குள் திறக்காமல் கிடந்தது.

"ஏகாம்பரம்!" என்று உள்ளிருந்து குரல். "இன்னும் கொஞ்சம் ஐஸு கீதா?"

தட்டைப் பார்த்தேன். கடைசித் துண்டும் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, அந்தி வெயிலில், மலை முழுக்க ஐஸ் சிவந்துகொண்டிருந்தது.

"இல்லம்மா. தண்ணியாப் பூட்ச்சி."



"பரவால்ல. அந்தத் தண்ணியக் கொண்டா."

தட்டை டம்ளரில் சாய்த்தேன். மூன்று மடக்குத் தேறியது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.